வாசலுக்குக் கீழே ஒரு பங்கர்

சங்கு ஊதாமல் வெளியே போகக்கூடாது என்று என் சிஞ்ஞோரா சொல்லாத நாளில்லை. சிஞ்ஞோரா என்றால் எங்கள் ஆட்கள் வாயில் வேலை வீட்டு எசமானி. சங்கு என்றால் இரண்டாம் உலக யுத்த காலத்துச் சங்கு. யுத்தம் முடிந்து ஐம்பது வருசத்துக்கு மேலாகிவிட்டது, இந்த இத்தாலிப் பட்டினமான பலெர்மோவில் அந்தச் சங்குகளைக் கழற்றி எங்கே எறிந்தார்களோ தெரியாது. ஆனாலும் நான் கடைக்குப் போகக் கூடையைத் தூக்கினால், சாய்மனைக் கதிரையில் இருந்தபடி, "சங்கு ஊதிற்றுதோ?" என்று கேட்பார். அது அவருடைய பகிடி. முதல் வருசம் சிரித்தேன். இரண்டாம் வருசம் பல்லைக் கடித்தேன். மூன்றாம் வருசத்திலிருந்து, "ஓம் ஓம், ஊதிப்போட்டுது, நீங்கள் படுங்கோ" என்று தமிழிலேயே சொல்லிவிட்டுப் படியிறங்கிவிடுவேன்.

அவருடைய வீடு பழைய பட்டினத்தின் கோட்டை வாசலோடு ஒட்டியபடி நின்றது. வாசலின் பெயரைச் சொல்லவில்லை. துறைமுகத்துப் பக்கம் வேலைக்குத் திரிந்தவர்களுக்கு அது தெரியும். மூன்றாம் மாடிப் பல்கனியில் உடுப்புக் காயப்போட்டால், வாசலின் தலையில் கிடக்கும் கல்லுச் சிங்கத்தின் முதுகு தெரியும். சிங்கத்தின் முதுகில் புறா எச்சமும் காட்டுச் செடியும்தான்.

அந்த வாசலின் கதையைச் சிஞ்ஞோரா சொல்லச் சொல்ல எனக்குப் பாடமாகிவிட்டது. ஒரு காலத்தில் பட்டினத்தைச் சுற்றி மதிலாம். ஸ்பானியர்கள் ஆண்ட நாளில் மதிலை உயர்த்தி, இந்த வாசலையும் கட்டினார்களாம். பொழுதுபட்டால் கதவைப் பூட்டிவிடுவார்கள். பிந்தி வந்த தோட்டக்காரன் எலுமிச்சங்காய் வண்டிலோடு விடியும்வரை வெளியே கிடக்க வேண்டியதுதான். மாவுக்கும் வைனுக்கும் வரி கட்டாமல் ஒருவரும் உள்ளே வரமுடியாது. வரி வாங்குகிறவர்கள் தராசோடு இருப்பதற்காக வாசலின் தடித்த சுவருக்குள்ளேயே அறைகள் வைத்தார்கள். கொள்ளைநோய் வந்தபோது அதே கதவைச் சாத்தி, உள்ளே வர அழுதவர்களை வெளியிலேயே விட்டார்களாம். பிறகு பட்டினம் பெருத்தது, மதிலை உடைத்தார்கள், வாசலை மட்டும் விட்டுவைத்தார்கள். நான் வந்த காலத்தில் அதன் நடுவாலும் கார் போகும், இரண்டு பக்கத்தாலும் கார் போகும். சுற்றிவர மதில் இல்லாத இதை ஏன் இன்னும் வாசல் என்கிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். கிழவிக்குக் கோபம் வந்து பின்னேரம் வரைக்கும் என்னோடு கதைக்கவில்லை.

பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதிக்காகக் கொஸ்துராவில், பொலிஸ் கந்தோர் வரிசையில், கடதாசிகளோடு நின்ற நாட்களில் எனக்கு அந்த வரிக்காரர்களின் ஞாபகம்தான் வரும். பூட்டுகிற வாசல் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

யுத்தம் வந்ததும் அந்த வரி அறைகளின் நிலத்தைக் கிண்டினார்களாம். கீழே அந்தக் காலத்தில் கல் வெட்டியெடுத்த குழிகள் இருந்தன. இரண்டையும் தொடுத்துப் படி வெட்டி, இருக்கக் கல் வாங்குகள் வைத்து, சனம் பதுங்கப் பொதுப் பங்கராக்கினார்கள். அமெரிக்கப் பொம்மர்கள் துறைமுகத்துக்குக் குண்டு போட வரும்போது சங்கு ஊதும். சனம் கீழே இறங்கும். ஆபத்து நீங்கியதும் இன்னொரு சங்கு ஊதும். சனம் மேலே ஏறும். சிஞ்ஞோராவுக்கு அப்போது பத்தொன்பது வயது. ஒரு நாள் விழுந்த அடியில் சங்கு ஊதுகிற இடமே போய்விட்டது. கீழே இருந்தவர்களுக்கு, முடிந்ததென்று சொல்ல ஆளில்லை. அடுப்பில் அவரைக்கொட்டை அவியப் போட்டுவிட்டு ஓடிவந்திருந்த அவருடைய தாய், "எரியப்போகுது, பார்த்திட்டு வாறன்" என்று படியேறினார். திரும்பி வரவில்லை. இதைச் சொல்லும்போது மட்டும் கிழவி பகிடி விடமாட்டார்.

எனக்குப் பங்கர் கதை சொல்ல ஒருவரும் தேவையில்லை. பனங்குத்தி அடுக்கி, மண்மூட்டை போட்டு, வாசலை மடக்கி வைத்துப் பங்கர் வெட்டின ஊர் எங்களது. தொண்ணூறில் எங்கள் தீவை விட்டு யாழ்ப்பாணத்துக்கு ஓடிவந்த கையோடு, பலெர்மோவில் இருந்த என் மனிசன் ஒழுங்குபண்ணிய ஏஜென்சிக்காரனோடு நான் வெளிக்கிட்டேன். மகளுக்கு இரண்டு வயது. கைக்குழந்தையோடு எல்லை கடக்கமுடியாது என்றான் அவன். தங்கச்சியின் கையில் கொடுத்தேன். "ஒரு வருசம், பிறகு எடுத்திடுவன்" என்றேன். ஆறு வருசம் போனது.

தங்கச்சி கடிதம் எழுதப் பஞ்சிப்படுவாள். கசெற்றில் கதைத்து, கொழும்புக்குப் போகிற ஆட்களிடம் கொடுத்துவிடுவாள். போர்கோ வெக்கியோவில் எங்கள் ஒற்றை அறையில் அதைப் போட்டுப் போட்டுக் கேட்டு நாடாவே தொய்ந்துவிட்டது. ஒன்றில் இப்படிச் சொல்லியிருந்தாள்: "அக்கா, உங்கட மோள் சரியான கெட்டிக்காரி. பொம்மர் சத்தம் கேட்டவுடனை பங்கருக்கை போயிடுவாள். பிறகு ஆர் கூப்பிட்டாலும் வரமாட்டாள். ஆமிக்காரனும் தமிழிலை கூப்பிடுவான் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன். நான் 'சோறு ஆறுது, வா' எண்டாத்தான் வருவாள். வேறை என்ன சொன்னாலும் அசையமாட்டாள்." அதைக் கேட்டு மனிசன் சிரித்தார். எனக்கு நெஞ்சு எரிந்தது. என் பிள்ளைக்குச் சோறு போடுகிறவளும் அவள், கூப்பிடுகிறவளும் அவள். நன்றி சொல்லவேண்டிய இடத்தில் எரிச்சல் வந்தது, பொய் சொல்லுவானேன்.

யாழ்ப்பாணம் முழுவதும் இடம்பெயர்ந்த பிறகு, வன்னி, வவுனியா, கொழும்பு என்று இழுபட்டு, தங்கச்சி அங்கே விமானம் ஏற்றிவிட, தொண்ணூற்றாறு கோடையில் மகள் பலெர்மோ வந்து சேர்ந்தாள். எட்டு வயது. விமான நிலையத்தில் கட்டிப்பிடிக்கப் போனேன், பலகை மாதிரி நின்றாள். மூன்று கிழமையாக என்னை ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை. தண்ணி வேணுமென்றால், "தண்ணி" என்று சுவருக்குச் சொல்லுவாள். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். விட்டுவிட்டு வந்தவளுக்கு அந்தப் பழமொழியைச் சொல்ல வாயில்லை. என் பிள்ளை என்னிடம் வருவாளோ மாட்டாளோ, அந்த ஒரு யோசனையில்தான் எழும்பினேன், படுத்தேன்.

பள்ளிக்கூட விடுமுறை என்பதால் அவளை வேலை வீட்டுக்குக் கூட்டிவரச் சிஞ்ஞோரா சம்மதித்திருந்தார். அந்த வட்டாரத்து மாதா திருநாளுக்கு இரண்டு நாள் முந்தி, வாசலுக்குக் கீழே இருந்த இரும்புக் கதவு திறந்து கிடந்தது. திருநாள் கம்புகளையும் லைற்றுகளையும் பழைய பங்கரில்தான் வைப்பார்கள். திருநாள் வேலைகளைப் பார்க்கிற மீசைக்காரர் சாமான்களை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். மகள் நின்றாள். கீழே போகிற படிகளை எட்டிப் பார்த்தாள்.

"இஞ்சையும் பங்கர் இருக்கு" என்றாள்.

என்னோடு கதைத்த முதல் முழு வசனம் அது. முகத்தில் ஒரு நிம்மதி. "அது பழைய காலத்துப் பங்கர், இப்ப இஞ்சை சண்டை இல்லை" என்றேன். அவள் அதைக் காதில் விழுத்தவில்லை. "எத்தினை பேர் இருக்கலாம்?" என்று கேட்டாள்.

திருநாளன்று பகல் பதினொன்றரை இருக்கும். மனிசன் பகேரியாவில், ஒரு பழைய மாளிகைத் தோட்டத்தில் வேலை. காலை ரெயினில் போனால் பின்னேரம்தான் வருவார். நான் பல்கனியில் படுக்கை விரிப்பை உதறிக்கொண்டிருந்தேன். மகள் எனக்குப் பின்னால் நிலத்தில் இருந்தாள். அப்போது சனத்தைக் கோயிலுக்குக் கூப்பிடுகிற முதல் வெடி போட்டார்கள். இந்தப் பலெர்மோக்காரர்கள் பகலில் வெடி போடுவார்கள். வாணமும் இல்லை நிறமும் இல்லை, வெறும் சத்தம். ஆறு வருசமாகக் கேட்ட சத்தம்தான். ஆனால் அன்றைக்குப் பிள்ளை பக்கத்தில் இருந்தாள். என் வாய் தன்பாட்டில் கத்தியது:

"பொம்மர்! பங்கருக்கை ஓடு!"

கத்திவிட்டு எனக்கே சிரிப்பு வந்தது. ஆறு வருசம் இத்தாலியில் இருந்து என்ன, வாய் இன்னும் ஊரிலேயே நிற்கிறது என்று நினைத்துச் சிரித்தேன். உள்ளே இருந்த சிஞ்ஞோராவுக்கும் சொல்லிச் சிரித்தேன். விரிப்பைக் கொடியில் போட்டு, நாலு பக்கமும் இழுத்து, கிளிப் குத்தினேன். பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். பிள்ளை இல்லை. படிக்கட்டுக் கதவு ஆவென்று திறந்து கிடந்தது.

இறங்கி ஓடினேன். தெரு நிறையச் சனம். கடலை விற்கிறவன், பலூன் விற்கிறவன், பாண்ட் வாத்தியக்காரர், நேர்த்தி மெழுகுதிரியோடு கிழவிகள். தெருவுக்கு அங்கால் கார், அதற்கு அங்கால் துறைமுகம், அதற்கு அங்கால் கடல். ஐயோ மாதாவே, என் பிள்ளை! தமிழிலும் இத்தாலியனிலும் மாறிமாறிக் கத்திக்கொண்டு, கண்ட சிறுமிகளை எல்லாம் தோளில் பிடித்துத் திருப்பினேன். ஒரு பொலிஸ்காரர் என்னை நிறுத்தி, "என்ன உடுப்பு?" என்று கேட்டார். மஞ்சள் சட்டை, நான்தான் போட்டுவிட்டேன், அது தெரியும். "இத்தாலியன் கதைப்பாளா?" இல்லை. "ஆரிடம் போயிருப்பாள்?" தெரியாது. "என்ன பிடிக்கும்?" தெரியாது. "எதுக்குப் பயப்படுவாள்?"

பெற்றவள் நான். கடைசிக் கேள்விக்கு மட்டும் வாயைத் திறந்தேன், அப்போதுதான் எனக்கு உறைத்தது. பங்கருக்குள் ஓடு என்று சொன்னது நான். அவள் சொல்வழி கேட்டிருக்கிறாள்.

வாசலுக்கு ஓடினேன். இரும்புக் கதவில் பூட்டுத் தொங்கியது. தட்டினேன், கத்தினேன், காதை வைத்துக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. பல்கனியில் சிஞ்ஞோரா இரண்டு ஊன்றுகோலிலும் தொங்கிக்கொண்டு வந்து நின்றார். அவர் கத்தியது சிசிலிப் பேச்சில்தான், என் ஞாபகத்தில் அது இப்போதும் தமிழில்தான் கேட்கிறது. "மீசைக்காரன் பூட்டிப்போட்டு இப்பதான் போறான்! கோயிலுக்குப் போறான், மாதாவைத் தூக்க!"

கோயிலுக்கு நூறு யார் தூரம் வருமோ என்னவோ. நான் போகவும், மாதா கோயில் வாசலைத் தாண்டவும், பன்னிரண்டு மணி வெடி தொடங்கவும் சரியாக இருந்தது. முந்தினதை விடப் பெரிய வெடி, அடுக்கடுக்காக. பூட்டின இருட்டுக்குள் இருந்து அவள் இதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். சனத்தைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றைத் தூக்கிக்கொண்டு குனிந்து உள்ளே போனேன். மீசைக்காரர் முன் வரிசையில் இருந்தார். தோளில் மாதா சுருவம், இடுப்பில் பூட்டுகளின் திறப்புக் கோர்வை.

"திறப்பு! என்ர பிள்ளை உள்ளுக்கை!"

"பிறகு, பிறகு! மாதா தோளிலை!"

"கோதாரி விழுந்த பிறகு!" என்று தமிழில் சொல்லிக்கொண்டு அவர் இடுப்பில் கை வைத்துக் கோர்வையை அறுத்தேன். சனம் ஆவென்று கத்தியது. ஒரு கிழவி என் முதுகில் அடித்தாள். மாதாவும் ஒரு காலத்தில் பிள்ளையைத் தொலைத்து மூன்று நாள் தேடினவள்தானே, அவளுக்கு என்னை விளங்கும் என்றுதான் செய்தேன். அடித்த கிழவியின் கையிலிருந்த மெழுகுதிரியையும் பறித்துக்கொண்டு ஓடினேன்.

ஆறோ ஏழோ திறப்புப் போட்டுப் பார்த்துத்தான் பூட்டுத் திறந்தது. படி ஈரம். கீழே ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று அறை, சுவரோரமாகக் கல் வாங்கு, மூலையில் உடைந்த லைற்றுகள். "பிள்ளை! அம்மா வந்திருக்கிறன்! அது பொம்மர் இல்லையடா, வெறும் வெடி! என்ர ராசாத்தி, அம்மாட்டை வா!" என் குரல்தான் திரும்பி வந்தது. மூன்று அறையிலும் மெழுகுதிரியைத் தூக்கிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. திறப்புக்கு அலைந்த நேரத்தில் பிள்ளை கடலுக்குள் போயிருப்பாள் என்று முடிவே கட்டிவிட்டேன். வெளியே வந்து, பல்கனியில் நின்ற சிஞ்ஞோராவைப் பார்த்து, "இல்லை!" என்று அலறினேன்.

"கடைசி அறையிலை, வாங்குக்குக் கீழை பார்! ஒரு பொந்து இருக்கு, தப்பிப்போற வழி. சின்னப்பிள்ளையளை அதுக்கைதான் விடுறது!"

"கூப்பிட்டுப் பார்த்திட்டன், சத்தமில்லை!"

"கூப்பிட்டா வருமே? சங்கு ஊதோணும். உங்கட நாட்டிலை ஆர் சங்கு ஊதிறது?"

கண்டறியாத சங்கு! பிள்ளையைக் காணவில்லை, இவருக்குச் சங்கு! வாய்க்குள் திட்டிக்கொண்டுதான் திரும்பவும் இறங்கினேன். நாலாம் படியில் கால் நின்றுவிட்டது. தொய்ந்த நாடாவில் தங்கச்சியின் குரல் கேட்டது. ஆர் கூப்பிட்டாலும் வரமாட்டாள்.

எனக்கும் தங்கச்சிக்கும் ஒரே குரல். அறைக்கு வெளியே நின்று கூப்பிட்டால் எங்கள் அப்பாவே ஆரென்று பிடிபடாமல் தடுமாறுவார். அதை நினைத்தபோது எனக்குச் சந்தோசம் வரவில்லை, அழுகைதான் வந்தது. அம்மா என்று சொல்லிக் கூப்பிட்டதற்கு மகள் வரவில்லை. இனி நான் தங்கச்சியாகத்தான் கூப்பிட வேண்டும்.

வாங்குக்குக் கீழே ஒரு ஆள் தவழக்கூடிய ஓட்டை இருந்தது. மெழுகுதிரியை வாங்கில் வைத்துவிட்டு, வயிற்றில் படுத்துத் தலையை நீட்டினேன். முதல் தரம் குரல் உடைந்துவிட்டது. இரண்டாம் தரம், ஒன்றும் நடக்காத மாதிரி, குசினிக்குள் நின்று சொல்கிற மாதிரிச் சொன்னேன்.

"சோறு ஆறுது, வா."

பிறகு உள்ளே எங்கேயோ கல் உரசியது.

"சித்தி?"

அந்த ஒரு சொல்லில் இருந்த ஆசையை நான் அதுவரை கேட்டதில்லை. கையும் காலும் அடிபட வேகமாகத் தவழ்ந்து வந்தாள். பின்னுக்கு நகர்ந்து அவளை இழுத்தெடுத்தபோது என் கால் பட்டு மெழுகுதிரி விழுந்து அணைந்தது. நான் அதைத் தேடவில்லை. அவள் என் கழுத்தைக் கட்டிப்பிடித்தாள், மூச்சு முட்டும்வரை. மூன்று கிழமையாக என்னில் முட்டாத பிள்ளை.

"சித்தி, எப்ப வந்தனீங்கள்?"

"இப்பத்தான்" என்றேன்.

"பொம்மர் போயிட்டுதோ?"

"ஓம், போயிட்டுது."

"நான் சத்தமே போடேல்லை. ஆரோ கூப்பிட்டவை. நான் போகேல்லை."

"கெட்டிக்காரி" என்றேன்.

அந்த ஆரோ நான். அதைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. இருட்டில் எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. பாண்ட் வாத்தியம் தலைக்கு மேலால் வாசலைத் தாண்டிப் போனது. வெளிச்சத்துக்குப் போக அவளுக்குப் பயமில்லை, எனக்குத்தான் பயம்.

படியேறினோம். பாதிப் படியில் வெயில் விழுந்தது. அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். கழுத்திலிருந்த கை மெல்ல இறங்கியது. அழவில்லை, ஓடவுமில்லை. கைவிடப்பட்ட பிள்ளையின் முகம் எப்படியிருக்கும் என்று ஆறு வருசமாக நான் நினைக்காமல் தள்ளிவைத்தது அங்கே அந்தப் படியில் எனக்கு முன்னால் நின்றது. ஐயோ, அதை எப்படிச் சொல்ல.

மேலே வந்ததும் சிஞ்ஞோரா அழுதுகொண்டே அவளைக் கொஞ்சப் பார்த்தார். அவள் நேரே குசினிக்குப் போனாள். அடுப்பில் இருந்த பாத்திரத்தின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். பாஸ்தாவுக்கு வைத்த தண்ணீர்.

"சோறு எங்கை?"

"இந்தா, இப்ப காய்ச்சிறன், ராசாத்தி."

"சித்தி பொய் சொல்லிக் கூப்பிடமாட்டா" என்றாள், என்னைப் பார்த்து.

என்ன சொல்கிறாள் என்று சிஞ்ஞோரா கேட்டார். பசிக்குதாம் என்றேன். அலுமாரியில் தடித்த இத்தாலி அரிசி கொஞ்சம் கிடந்தது. அதைக் கழுவி உலையில் போட்டேன். அவள் குசினி வாசலிலேயே குந்தி இருந்து, வேகும்வரை அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழைந்த சோற்றை, கறி இல்லாமல், உப்புப் போட்டுச் சாப்பிட்டாள்.

அவள் என்னை அம்மா என்று கூப்பிட அடுத்த மாரிகாலம் வரவேண்டியிருந்தது. 'சோறு ஆறுது, வா' என்று சொல்லி இன்னொரு தரம் அவளைக் கூப்பிட வேண்டி வருமோ என்று எனக்கு எப்போதும் பயம். அன்றிலிருந்து, பிள்ளை நிற்கிற வீட்டில், அடுப்பில் சோறு இல்லாமல் நான் இருந்ததில்லை.